பட்டறை எத்தன நிக்குது? – மெமரி சிப் ஷேரும் எங்க ஊரு சின்ன வெங்காயமும்

போன மாசம் அக்கா பையன கூட்டிட்டு திருச்சில ஒரு கம்ப்யூட்டர் கடைக்கு போயிருந்தேன், அவனோட பிசிக்கு ரேம் பத்தலயாம், ஏதோ எடிட்டிங் பண்றானாம், 16 ஜிபி டிடிஆர்5 ஸ்டிக் ஒன்னு வேணும்னான். போன வருஷம் நடுவுல இதே கடைல இவன் ஃப்ரெண்டுக்கு வாங்கினப்ப 4,000 சொச்சம் தான் ஆச்சு, இப்ப கடைக்காரர் 14,000-ங்கறார். நான் அப்படியே நின்னுட்டேன். "சார், இந்த ரேட்டு இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் தான், யோசிச்சுட்டு நாளைக்கு வந்தீங்கன்னா நாளைக்கு என்ன ரேட்டோ அது தான்"னு சொல்லிட்டு போன்ல வாட்ஸ்அப் குரூப்ப எடுத்து காட்டினார், டிஸ்ட்ரிபியூட்டர் காலைல ஒரு ரேட்டு மத்தியானம் ஒரு ரேட்டுன்னு போட்டுட்டே இருக்கான். அவர் ஏமாத்தல, அவருக்கே தெரியல நாளைக்கு என்ன விலைக்கு சரக்கு எடுக்க போறோம்னு.

வெளில வந்து டீ குடிக்கறப்ப பையன் கேட்டான், "மாமா, ரேம் வாங்கறதுக்கு பதிலா ரேம் பண்ற கம்பெனி ஷேர வாங்கிடலாமா?" நல்ல கேள்வி தான், நிஜமாவே நல்ல கேள்வி. ஒரு டீல பதில் சொல்லி முடிக்க முடியல, அதான் உக்காந்து எழுதறேன். நான் சிங்கப்பூர்ல ஒரு மெமரி ஃபேப்ல, அதாவது மெமரி சிப் பண்ற ஃபேக்டரில, ஆறு வருஷம் வேல பாத்தவன், அதுக்கு முன்னாடி பெரம்பலூர் மாவட்டத்துல வெங்காயம் போடற குடும்பத்துல பொறந்து வளந்தவன். இந்த ரெண்டும் சேர்ந்து எனக்கு ஒரு விஷயம் சொல்லிக் குடுத்திருக்கு, அத தான் அவனுக்கும் சொன்னேன்.

சின்ன வெங்காயத்த முதல்ல சொல்லிடறேன். எங்க ஊருப்பக்கம் வெங்காயத்த பிடுங்கின உடனே வித்துட மாட்டாங்க. கல்லு அடுக்கி, அது மேல மூங்கில் பரப்பி, ரெண்டு பக்கமும் படல் கட்டி, வெங்காயத்த தாளோட உள்ள கொட்டி மேல கீத்து போட்டு மூடி வைப்பாங்க, அதுக்கு பட்டறைன்னு பேரு. காத்து உள்ள புகுந்து வெளில போகணும், மழத்தண்ணி இறங்க கூடாது, அப்படி கட்டினா மாசக்கணக்குல நிக்கும். ஒரு வருஷம் விலை ஏறிடுச்சுன்னு வைங்க, 2019 கடைசில கிலோ 150-ஐ தாண்டி போச்சே அந்த மாதிரி, அடுத்த பட்டத்துக்கு ஊரே வெங்காயம் போடும், பருத்தி போட்டவன் மக்காச்சோளம் போட்டவன் எல்லாரும். விதை வெங்காயமே யானை விலை விக்கும், கடன் வாங்கி போடுவாங்க. எழுபது நாள் கழிச்சு எல்லாரும் ஒன்னா பிடுங்குவாங்க. அப்புறம் என்ன ஆகும்னு சொல்ல தேவையில்ல.

எங்க அப்பா என்ன பண்ணுவார்னா, விக்கறதா வைக்கறதான்னு முடிவெடுக்கறதுக்கு முன்னாடி என்னைய சைக்கிள்ல அனுப்புவார். "மார்க்கெட்டு வெலைய கேட்டுட்டு வராத, அது எல்லாருக்கும் தெரியும். நம்மூர்லேந்து அந்த ஏரி வரைக்கும் போயி எத்தன பட்டறை நிக்குதுன்னு எண்ணிட்டு வா"ம்பார். நானும் எண்ணிட்டு வருவேன், கீத்து பிரிச்சிருக்கா, புதுசா கட்டினதா, வெங்காயம் நாத்தம் அடிக்குதான்னு எல்லாம் கேப்பார். பட்டறை நெறைய நின்னுச்சுன்னா விலை எவ்ளோ நல்லா இருந்தாலும் உடனே வித்துடுவார். பட்டறை எல்லாம் காலியா இருந்து விலையும் கம்மியா இருந்தா, நம்ம பட்டறைய தொட விட மாட்டார். எனக்கு அப்ப பதிமூணு வயசு இருக்கும். சிப் தொழில பத்தி நான் கத்துகிட்டதுல பாதி அந்த சைக்கிள்ல கத்துகிட்டது தான்.

சரி, இப்ப சிப்புக்கு வருவோம். சிப்புன்னா எல்லாம் ஒன்னு இல்ல. ஏஐ-க்கு சிப் பண்ற என்விடியாவோடது ஒரு வகை, அதுல டிசைன் தான் சொத்து, தயாரிக்கறது தைவான்ல டிஎஸ்எம்சி. மெமரி, அதாவது ரேம் ஸ்டிக்ல இருக்கற டிராம் சிப், அது வேற வகை. சாம்சங் ரேமா, எஸ்கே ஹைனிக்ஸ் ரேமா, மைக்ரான் ரேமான்னு வாங்கறவனுக்கு பெரிய வித்தியாசம் கிடையாது, ஸ்பெக் ஒன்னா இருந்தா போதும், வெங்காயத்துல எந்த காட்டு வெங்காயம்னு யாரும் கேக்கறதில்லல்ல அந்த மாதிரி. அதனால விலைய மார்க்கெட் தான் முடிவு பண்ணும், கம்பெனி இல்ல. உலகத்து டிராம்ல பெரும்பகுதி இந்த மூணு பேர் கையில தான் இருக்கு, நாலாவதா சீனாவுல ஹெஃபெய்ல 2016ல ஆரம்பிச்ச சிஎக்ஸ்எம்டி வேகமா வளந்துட்டு வருது.

வெங்காயம் எழுபது நாள்ல வந்துடும். ஃபேப் கட்ட ரெண்டு மூணு வருஷம் ஆகும், கட்டி முடிச்சப்புறமும் ஒரு வேஃபர், அதாவது சிப்பெல்லாம் உருவாகற வட்டமான சிலிக்கன் தட்டு, உள்ள போயி நூத்துக்கணக்கான ஸ்டெப் தாண்டி வெளில வர மூணு மாசத்துக்கு மேல ஆகும். அப்ப இன்னைக்கு விலை ஏறுதுன்னு போர்டு மீட்டிங்ல ஓகே பண்ற ஃபேப்ல இருந்து சரக்கு வரப்ப உலகமே வேற மாதிரி இருக்கும். இன்னொன்னும் இருக்கு, இது ரொம்ப முக்கியம். தக்காளி விலை விழுந்தா பறிக்கற கூலி கூட கட்டுபடியாகலன்னு விவசாயி செடிலயே விட்டுடுவார். ஃபேப்ல அப்படி விட முடியாது. செலவுல பெரும்பகுதி ஏற்கனவே போட்டாச்சு, கட்டிடம், மெஷினு, அதோட தேய்மானம் நீ ஓட்டினாலும் ஓட்டாட்டியும் கணக்குல ஏறிகிட்டே தான் இருக்கும், அதனால மேல ஆகற செலவு மட்டும் கைக்கு வந்தா போதும்னு நஷ்டத்துலயும் ஓட்டிகிட்டே இருப்பாங்க. எல்லாரும் ஓட்டுவாங்க. யாராவது ஒருத்தர் விழற வரைக்கும்.

அத நான் கண்ணால பாத்தேன். 2006ல நான் ஃபேப்ல சேர்ந்தப்ப விண்டோஸ் விஸ்டா வர போகுது, எல்லாரும் ரேம ரெண்டு மடங்கு ஆக்குவாங்கன்னு மொத்த தொழிலும் நம்பி கட்டிகிட்டு இருந்துச்சு. காலைல ஏழு மணிக்கு உள்ள போனா ராத்திரி ஏழு மணி, பனிரெண்டு மணி நேர ஷிஃப்ட், தலைலேந்து கால் வரைக்கும் வெள்ள டிரெஸ், கண்ணு மட்டும் தான் தெரியும். கூரைல தண்டவாளம் மாதிரி ஓடும், அதுல 25 வேஃபர் அடுக்கின டப்பாங்க தொங்கிகிட்டு விர்ரு விர்ருன்னு போயிகிட்டே இருக்கும், ஒரு டப்பா மேலேந்து கயித்துல இறங்கி மெஷின் வாய்ல உக்காரும், அது முடிஞ்சு ஏறறதுக்குள்ள அடுத்தது மேல வந்து காத்துட்டு நிக்கும். நான் எட்ச் மெஷின், வேஃபர் மேல வேண்டாத பகுதிய அரிச்செடுக்கற மெஷின், பாத்தேன். மெஷின் நின்னுச்சுன்னா, மூணு நிமிஷம் தான், போன் அடிக்கும், ஷிஃப்ட் லீடர் "எப்ப ஏறும், எப்ப ஏறும்"னு உயிர எடுப்பார். சாப்பாட்டுக்கு போனா போன் வரும், பாத்ரூம் போனா போன் வரும்.

விஸ்டா வந்துச்சு, ஜனங்க அப்படி ஒன்னும் ஓடி போயி வாங்கல, 2007லயே விலை இறங்க ஆரம்பிச்சாச்சு. ஆனா எங்களுக்கு உள்ள ஒன்னும் தெரியல, மெஷின் ஓடிகிட்டு தான் இருந்துச்சு, ஓவர்டைம் இருந்துச்சு. 2008 நடுவுல ஒரு நைட் ஷிஃப்ட், என் மெஷின் ஒரு வால்வு போயி நின்னுச்சு. நான் ஸ்பேர் எடுத்து மாத்திட்டு இருக்கேன், பத்து நிமிஷம் ஆச்சு, இருபது ஆச்சு, நாப்பது நிமிஷம் ஆச்சு, போனே வரல. நிமிந்து மேல பாத்தேன். தண்டவாளம் காலி. எப்பவாவது ஒரு டப்பா போகுது. எனக்கு வயித்துல என்னமோ பண்ணுச்சு, ஏன்னா அந்த அமைதி எனக்கு தெரிஞ்ச அமைதி, வியாபாரி யாரும் ஊருக்குள்ள வராத வருஷம் பட்டறை பக்கத்துல இருக்கற அமைதி. லீமன் பிரதர்ஸ்னு பெரிய அமெரிக்க பேங்க் விழுந்து உலகமே ஆடினது அதுக்கப்புறம் செப்டம்பர்ல. டிசம்பர்லயெல்லாம் ஒரு ஜிகாபிட் டிராம் சிப்போட விலை ஒரு டாலருக்கும் கீழ, நாங்க கேண்டீன்ல குடிக்கற டீ விலைக்கு வந்துடுச்சு. பல நாடுங்க சுத்தி, ஆயிரக்கணக்கான பேர் கை பட்டு, மூணு மாசம் உள்ள இருந்து வர ஒரு பொருளு, ஒரு டீ விலை. எங்களுக்கு வேல நாள குறைச்சாங்க, சம்பளம் குறைஞ்சுது, கூட இருந்த மலேசியா பசங்க நெறைய பேர் ஊருக்கு திரும்பி போயிட்டாங்க.

2009 ஜனவரில ஜெர்மனிக்காரன் மெமரி கம்பெனி கிமொண்டா திவால். ஜப்பான்ல என்இசி, ஹிட்டாச்சி மெமரி பிசினஸ சேத்து உருவாக்கின எல்பிடா 2012 பிப்ரவரில திவால், அத அடுத்த வருஷம் மைக்ரான் வாங்கிடுச்சு. எண்பதுகள்ல ஜப்பான் டிராம்ல எவ்ளோ பெரிய ஆளா இருந்துச்சுன்னா, இன்டெல்லே 1985ல டிராம விட்டுட்டு போச்சு, இன்டெல் ஆரம்பிச்சதே மெமரி பண்ணத்தான். அப்படிப்பட்ட ஜப்பான்ல கடைசியா நின்ன ஒரு டிராம் கம்பெனியும் போச்சு. இருபதுக்கு மேல இருந்த கம்பெனிங்க தேஞ்சு தேஞ்சு மூணு பெரிய ஆளா நின்னது இப்படி தான், யாரும் திட்டம் போட்டு பண்ணல.

இப்ப ஷேர் விஷயம். இத நான் காசு குடுத்து கத்துகிட்டேன். 2018 நடுவுல என்கிட்ட கொஞ்சம் சேமிப்பு இருந்துச்சு, மெமரி தொழில் நமக்கு தெரிஞ்ச தொழில் தானேன்னு ஒரு மெமரி கம்பெனி ஷேர பாத்தேன், பிஇ, ஷேர் விலைய ஒரு வருஷ லாபத்தால வகுத்தா வர நம்பர், வெறும் 5. அதாவது அஞ்சு வருஷ லாபத்துக்கு மொத்த கம்பெனியும் கிடைக்குது, மத்த டெக் ஷேரெல்லாம் 30, 40-ல போகுது, இது என்னடா இவ்ளோ சீப்பா இருக்குன்னு போட்டுட்டேன். ஆறு மாசத்துல பாதி ஆயிடுச்சு. பயந்து வித்தேன். வித்த பிறகு அது ஏறுச்சு. அந்த நேரத்துல டேட்டா சென்டர்காரங்க எல்லாம் வாங்கி வெச்ச சரக்கையே ஓட்டிக்கலாம்னு ஆர்டர நிறுத்திட்டாங்க, கிரிப்டோ விழுந்ததுல கிராபிக்ஸ் கார்டு குவிஞ்சு கெடந்துச்சு, 2019ல உலக சிப் விற்பனையே 12 சதவீதம் குறைஞ்சுது.

நான் பண்ண தப்பு என்னன்னா, பிஇ-ல கீழ இருக்கற லாபம் உச்சத்துல இருக்கற லாபம். வெங்காயம் 150 வித்த வருஷத்து வருமானத்த வெச்சு ஒருத்தர் காட்டுக்கு விலை பேசினா எப்படி இருக்கும், அந்த மாதிரி. மெமரி ஷேர் உச்சில தான் ரொம்ப சீப்பா தெரியும். அடில இருக்கறப்ப பிஇ-யே இருக்காது, ஏன்னா லாபமே இருக்காது, நஷ்டம். அப்ப யாருக்கும் தொட மனசு வராது. அப்பா விலைய கேக்காத பட்டறைய எண்ணுன்னு சொன்னத நான் அன்னைக்கு மறந்துட்டேன், அது தான் எனக்கு இன்னும் மனசு ஆறல, காசு போனத விட.

மைக்ரான் கணக்க எடுத்து பாருங்க, அது எல்லாமே வெளில இருக்கற ரிசல்ட் தான். 2022 நடுவுல முடிஞ்ச காலாண்டுல விற்பனை 864 கோடி டாலர். ஒன்பது மாசம் கழிச்சு 2023 மார்ச்ல ரிசல்ட் சொல்றாங்க, 369 கோடி. பாதிக்கும் கீழ. நஷ்டம் 231 கோடி, கோடவுன்ல இருக்கற சரக்கோட மதிப்ப மட்டும் 143 கோடி டாலர் குறைச்சு எழுதினாங்க. கொரோனா நேரத்துல வீட்லேந்து வேல, வீட்லேந்து படிப்புன்னு எல்லாரும் லேப்டாப் வாங்கினாங்கல்ல, வாங்கினவன் மறுபடியும் வாங்குவானா, அவ்ளோ தான் விஷயம். அந்த ரிசல்ட் வந்த மறுநாள் ஷேர் என்ன பண்ணுச்சு தெரியுமா, சுமார் 7 சதவீதம் ஏறுச்சு. ஏன்னா சரக்கு குவிஞ்சது இதுக்கு மேல குவியாது, உற்பத்திய குறைக்க ஆரம்பிச்சுட்டாங்கன்னு மார்க்கெட்டுக்கு புரிஞ்சு போச்சு. அடுத்த வாரமே சாம்சங்கும் குறைக்கறோம்னு சொல்லிடுச்சு, அவங்களோட மொத்த காலாண்டு லாபமே 96 சதவீதம் விழுந்த நேரம் அது. சாம்சங் வாயால உற்பத்திய குறைக்கறோம்னு சொன்னா அது பெரிய விஷயம், அவங்க வழக்கமா மத்தவங்க சாகற வரைக்கும் ஓட்டறவங்க.

2023 நிதியாண்டு முழுக்க மைக்ரானுக்கு விற்பனை 1,554 கோடி டாலர், நஷ்டம் 583 கோடி. 2025 நிதியாண்டுல விற்பனை 3,738 கோடி. எஸ்கே ஹைனிக்ஸ் 2023ல 7.7 லட்சம் கோடி வோன் நஷ்டம், அடுத்த வருஷமே 23 லட்சம் கோடி வோனுக்கு மேல லாபம். ஒரே கம்பெனி, அதே ஃபேப், அதே ஆளுங்க. ரெண்டுக்கும் நடுவுல ஒரு வருஷம்.

அந்த ஒரு வருஷத்துல என்ன ஆச்சுன்னா ஏஐ. 2022 நவம்பர் கடைசில சாட்ஜிபிடி வந்துச்சு, என்விடியாவோட வருஷ விற்பனை 2,700 கோடி டாலர்ல இருந்து ரெண்டே வருஷத்துல 13,000 கோடிய தாண்டிடுச்சு. அந்த என்விடியா சிப்புக்கு பக்கத்துல ஒட்டிகிட்டு ஹெச்பிஎம்னு ஒரு மெமரி இருக்கும், டிராம் சிப்ப ஒன்னு மேல ஒன்னா அடுக்கி நடுவுல ஓட்ட போட்டு இணைச்சது, முதல்ல கொண்டு வந்தது எஸ்கே ஹைனிக்ஸ் 2013ல. அதுல ஒரு சங்கதி இருக்கு. அதே அளவு மெமரிய சாதா டிடிஆர்5-ஆ பண்றதுக்கு ஆகற வேஃபர விட ஹெச்பிஎம்-க்கு சுமார் மூணு மடங்கு வேஃபர் ஆகும். அதாவது வெங்காய காட்ட எல்லாம் வேற பயிருக்கு மாத்திட்டாங்க, அதுல காசு ஜாஸ்தி. மிச்சம் இருக்கற காட்டுல தான் போனுக்கும் லேப்டாப்புக்கும் நம்ம அக்கா பையனுக்கும் ரேம் வெளையணும். 2025 அக்டோபர்ல சாட்ஜிபிடி பண்ற ஓப்பன்ஏஐ, சாம்சங், ஹைனிக்ஸ் ரெண்டு பேர்கிட்டயும் மாசத்துக்கு 9 லட்சம் வேஃபர் வரைக்கும் தேவைப்படும்னு பேசுச்சு, அதுக்கப்புறம் கண்டவன் எல்லாம் பயந்து போயி முன்கூட்டியே புக் பண்ண ஆரம்பிச்சான். டிசம்பர்ல மைக்ரான் தன்னோட க்ரூஷியல் ரேம் பிசினஸையே மூடறோம்னு சொல்லிடுச்சு, 1996லேந்து கடைல வித்துகிட்டிருந்த பிராண்டு அது, இனிமே பெரிய கஸ்டமருக்கு மட்டும் தான் சரக்குன்னு. திருச்சி கடைக்காரர் காட்டின வாட்ஸ்அப் ரேட்டுக்கு பின்னாடி இருக்கற கதை இது தான்.

இப்ப எல்லாரும் சொல்றது "இந்த தடவ வேற"ன்னு. அதுல கொஞ்சம் நியாயம் இருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன். முன்னாடி இருபது பேர் இருந்தாங்க, இப்ப பெரிய ஆளுங்க மூணு பேர். ஹெச்பிஎம் ஒரு வருஷத்துக்கு முன்னாடியே விலை பேசி வித்துடறாங்க, மைக்ரான் 2026 முழுக்க பேசி முடிச்சாச்சுன்னு சொல்லியிருக்கு. 2025 நவம்பர்ல முடிஞ்ச காலாண்டுல அவங்க விற்பனை 1,364 கோடி டாலர், அதுக்கு அடுத்த காலாண்டுக்கு 1,870 கோடின்னு சொன்னாங்க. வாங்கறவங்களும் சாதாரண ஆளுங்க இல்ல, அமேசான் 2025க்கு மட்டும் சுமார் 12,500 கோடி டாலர் முதலீடுன்னு சொல்லுச்சு, கூகுள் கம்பெனி ஆல்ஃபபெட் 9,100லேந்து 9,300 கோடி, மெட்டா 7,000 கோடிக்கு மேல. கைல காசு இருக்கற ஆளுங்க.

ஆனா எனக்கு ரெண்டு விஷயம் உறுத்துது. ஒன்னு, டபுள் ஆர்டர். சரக்கு கிடைக்காதுன்னு பயம் வந்துடுச்சுன்னா பத்து வேணும்கறவன் இருபதுக்கு ஆர்டர் போடுவான், அதையும் மூணு பேர்கிட்ட போடுவான். 2021ல கார் கம்பெனிங்க பண்ணாங்க, 2020 ஏப்ரல்ல பயந்து ஆர்டர கேன்சல் பண்ணி, அப்புறம் கார் விக்க ஆரம்பிச்சதும் வரிசைல கடைசில நின்னு, மாருதியே 2021 செப்டம்பர்ல வழக்கமான உற்பத்தில 40 சதவீதம் தான் பண்ண முடியும்னு சொல்ற நெலமை. அன்னைக்கு பயந்து போட்ட ஆர்டரெல்லாம் 2022ல சரக்கா வந்து குவிஞ்சுது, நீண்ட கால அக்ரிமென்ட் போட்டவங்க கூட வந்து கொஞ்சம் குறைச்சுக்கறோம்னு உக்காந்தாங்க. பயத்துல வர ஆர்டரும் நிஜ தேவைல வர ஆர்டரும் கம்பெனி கணக்குல ஒரே மாதிரி தான் தெரியும். பிரிச்சு பாக்கவே முடியாது, பின்னாடி தான் தெரியும்.

ரெண்டாவது, விதை போட ஆரம்பிச்சாச்சு. மைக்ரான் 2026 நிதியாண்டுக்கு 2,000 கோடி டாலர் முதலீடுன்னு 2025 டிசம்பர்ல ஏத்துச்சு, அமெரிக்கால ஐடஹோல புது ஃபேப் 2027ல வேஃபர் குடுக்க போகுது, கொரியாவுல ஹைனிக்ஸ் யோங்கின்ல கட்டுது, சாம்சங் பியோங்டேக்ல கட்டுது, சிஎக்ஸ்எம்டி ஷாங்காய் மார்க்கெட்ல பணம் திரட்ட வந்திருக்கு. எல்லாரும் ஒரே பட்டத்துல விதைக்கறாங்க. 2027, 28ல எல்லாம் ஒன்னா பிடுங்குவாங்க. அப்ப ஏஐ இதே வேகத்துல வாங்கிகிட்டு இருந்தா பரவால்ல. கொஞ்சம் மூச்சு வாங்கினா கூட போதும், நிக்க வேண்டாம், வேகம் குறைஞ்சா போதும்.

இங்க சிஸ்கோ கதைய பையனுக்கு கொஞ்சம் நீட்டி சொன்னேன், ஏன்னா அவன் பொறக்கறதுக்கு முன்னாடி நடந்தது. 2000 மார்ச்ல உலகத்துலயே பெரிய மதிப்புள்ள கம்பெனி சிஸ்கோ. இன்டர்நெட் வருது, அதுக்கு ரூட்டரும் சுவிட்சும் வேணும், சிஸ்கோ இல்லாம இன்டர்நெட் இல்லன்னாங்க, உண்மை தான். சரக்கு பத்தல பத்தலன்னு பார்ட்ஸ வாங்கி குவிச்சாங்க, கஸ்டமருங்க திடீர்னு நிறுத்தினதும் 2001ல 225 கோடி டாலர் சரக்க வேஸ்ட்டுன்னு எழுதினாங்க. உலக சிப் விற்பனையே அந்த வருஷம் மூணுல ஒரு பங்கு விழுந்துச்சு. இன்டர்நெட் பொய்யா போச்சா, இல்ல, அன்னைக்கு கனவு கண்டத விட பெருசா வந்துச்சு. சிஸ்கோவும் சாகல, லாபமும் வளந்துச்சு. ஆனா 2000ல உச்சில வாங்கினவருக்கு போட்ட காசு ஷேர் விலைல திரும்ப வர இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. அப்ப முப்பது வயசுல வாங்கினவர் இப்ப ரிட்டயர்டு ஆகற வயசு. ஏஐ நிஜமா பொய்யான்னு சண்ட போடறத விட இத யோசிச்சு பாரு மாப்ளன்னு சொன்னேன்.

என்விடியாவையும் அப்படியே சிஸ்கோன்னு சொல்ல மாட்டேன், ஷேர் விலையோட ஒப்பிட்டா என்விடியாவுக்கு இருக்கற லாபம் அன்னைக்கு சிஸ்கோவுக்கு இருந்தத விட எவ்வளவோ ஜாஸ்தி. ஆனா அதுவும் ஆடும். 2021 நவம்பர்லேந்து 2022 அக்டோபர் வரைக்கும் பதினோரு மாசத்துல மூணுல ரெண்டு பங்கு விழுந்த ஷேர் தான் அது. 2025 ஜனவரி 27, சீனாவோட டீப்சீக் கம்மி செலவுல ஏஐ பண்ணிடுச்சுன்னு நியூஸ் பரவின ஒரே நாள்ல 17 சதவீதம், கிட்டத்தட்ட 59,000 கோடி டாலர் மதிப்பு போச்சு. அன்னைக்கு தூங்க முடிஞ்சவங்க தான் அத வெச்சிருக்கலாம்.

நம்ம ஊர்லேந்து வாங்கறவங்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கு, நெறைய பேர் கவனிக்கறதில்ல. இங்க டெக் ஷேர்னு சொல்றதுல பெரும்பகுதி ஐடி சர்வீஸ் கம்பெனிங்க, அதுக்கும் சிப் விலை ஏறி இறங்கறதுக்கும் நேரடி சம்பந்தம் கிடையாது. குஜராத் சானந்த்ல மைக்ரான் பிளான்ட் போட்டிருக்குன்னு அத வெச்சு இங்க எதையாவது வாங்காதீங்க, அது அசெம்பிளி டெஸ்ட் வேல, அமெரிக்க கம்பெனியோடது. என்எஸ்இ-ல நாஸ்டாக் இடிஎஃப், அதாவது அமெரிக்க டெக் ஷேருங்க அடங்கின, ஷேர் மாதிரியே வாங்கற ஃபண்டு, இருக்கேன்னு வாங்கறவங்க என்ஏவி-ய, ஒரு யூனிட்டுக்குள்ள இருக்கற ஷேரோட நிஜ மதிப்ப, முதல்ல பாருங்க, மியூச்சுவல் ஃபண்டுங்க வெளிநாட்டுல போடறதுக்கு மொத்தமா 700 கோடி டாலர்னு லிமிட் இருக்கறதால புது யூனிட் உருவாக்க முடியாம அந்த இடிஎஃப் எல்லாம் உள்ள இருக்கற மதிப்ப விட ரொம்ப அதிக பிரீமியத்துல ஓடிகிட்டிருக்கும். பிரீமியம் குறைஞ்சா நாஸ்டாக் ஏறியும் உங்களுக்கு நஷ்டம் வரும்.

சரி, நான் என்ன பாக்கறேன்? ஒவ்வொரு காலாண்டு ரிசல்ட்லயும் ஒரு நோட்டுல ரெண்டே நம்பர் எழுதி வெச்சுக்கறேன். கைல எத்தன நாளுக்கு சரக்கு இருக்கு, அடுத்த வருஷம் ஃபேப்ல எவ்ளோ போட போறாங்க. அவங்க சரக்கு மட்டுமில்ல, கஸ்டமர்கிட்ட எவ்ளோ இருக்குன்னு ரிசல்ட் கால்ல ஒரு வரி சொல்வாங்க, அது ரொம்ப முக்கியம், ஊரு பட்டறை காலியா இருந்தாலும் வியாபாரி கோடவுன் நிரம்பி இருந்தா கதை முடிஞ்சுது. இப்போதைக்கு பட்டறை காலி. அது உண்மை, அதனால விலை இன்னும் கொஞ்ச நாள் ஏறலாம், நான் மறுக்கல. ஆனா இந்த ஏத்தத்துல புதுசா மெமரி ஷேர் வாங்கற ஆளா நான் இருக்க மாட்டேன். சரக்கு குவிஞ்சு, நஷ்டம் எழுதி, உற்பத்திய குறைக்கறோம்னு மூணு பேரும் சொல்ற நாள் ஒன்னு வரும், அன்னைக்கு வாங்க காசு எடுத்து வெச்சிருக்கேன். அது 2027ஆ 2029ஆ எனக்கு தேதி தெரியாது, தேதி சொல்றவங்கள நம்பறதும் இல்ல.

பையனுக்கு என்ன சொன்னேன்னா, ரேம வாங்கிக்க, உனக்கு வேல நடக்கணும், விலை இறங்கற வரைக்கும் காத்திருந்தா உன் படிப்பு நிக்கும். ஷேருக்கு ஒதுக்கற காசுல மாசம் கொஞ்சம் அகலமான உலக இன்டெக்ஸ் ஃபண்டுல, பல நாட்டு கம்பெனிங்கள மொத்தமா வாங்கற ஃபண்டுல, போடு, அதுலயே இந்த கம்பெனிங்க எல்லாம் வேணும்கற அளவுக்கு இருக்கு. மெமரி மட்டும் தனியா வேணும்னா காத்திருக்க பழகு. அவன் 14,000 குடுத்து ஒரு ஸ்டிக் வாங்கினான், முகம் சுருங்கி தான் போச்சு.

அன்னைக்கு ராத்திரி சிங்கப்பூர்ல இன்னும் ஃபேப்லயே இருக்கற தஞ்சாவூர் தம்பி ஒருத்தனுக்கு போன் போட்டேன், நாங்க ரெண்டு பேரும் ஃபேப்ல ஒரே வரிசை மெஷின்ல வேல பாத்தவங்க, அந்த நாப்பது நிமிஷ கதை அவனுக்கும் தெரியும். "என்னடா, இப்ப மெஷின் நின்னா எத்தன நிமிஷத்துல போன் வருது"ன்னு கேட்டேன். பின்னாடி அவன் பொண்டாட்டி ஏதோ சொல்லிகிட்டு இருக்கு, ஷிஃப்ட் முடிஞ்சு வந்து சாப்பிட கூட இல்லயாம். "நிமிஷமா? நிக்கறதுக்கு முன்னாடியே வருதுண்ணே, எப்ப நிக்கும்னு கேட்டு"ன்னான். போன் வராத நாள் எப்பவாவது வந்துச்சுன்னா எனக்கு ஒரு மெசேஜ் போடுடான்னு சொல்லி வெச்சிருக்கேன்.